பாதியில் அறுந்த வாக்கியம்

என்னைத் தோற்கடித்தவர் எவரும் இல்லை. என் பேச்சு அறுந்த நேரத்தில் சிரித்தவர் ஒருவர் உண்டு. அந்தச் சிரிப்பை ஏழு நாள்கள் நெஞ்சில் வைத்துக் காய்ச்சி, எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் கண்ணெதிரே இறக்கி வைத்தேன். இடைப்பட்ட நாள்களில் நான் படித்தது வாதக் குறிப்புகளை அல்ல. ஒரு ரூட்டரின் விளக்குகளை.

கல்லூரிகளுக்கிடையிலான சொற்போரின் இறுதிச் சுற்று அது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இணையவழி நடந்தது. வெற்றிக்கு வழி உழைப்பா, வாய்ப்பா என்பது தலைப்பு. நான் உழைப்பின் பக்கம். வாய்ப்பின் பக்கம் பேசியவர் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் மாணவர்; கோட் அணிந்து, பின்னால் புத்தக அலமாரி தெரிய உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுவரின் உப்புப் பூத்த காரை தெரியக் கூடாது என்று அம்மா ஒரு வெள்ளை வேட்டியை ஆணியடித்துக் கட்டியிருந்தார்.

ஆறாம் வகுப்பிலிருந்து மேடை ஏறுகிறேன். ஒலிபெருக்கி இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசைக்கு என் குரல் போகும். வடசென்னை டோல்கேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சந்தில் பிறந்தவளுக்கு இலக்கணத் தமிழ் எப்படி வந்தது என்று வியந்தவர்களை நான் ஒருபோதும் மறந்ததில்லை. அவர்களுள் ஒருவரையும் நான் எதிரணியில் சந்தித்துத் தோற்றதுமில்லை. தெருவில் ஒரு தமிழ், மேடையில் ஒரு தமிழ். இரண்டும் என் சொத்து.

தொகுப்புரைக்கு ஐந்து நிமிடம். நான்காம் நிமிடத்தில், எதிரணியின் அடித்தளத்தையே பெயர்க்கும் வாக்கியத்தைத் தொடங்கினேன். “வாய்ப்பு என்பது” என்றேன். மேசை ஓரத்து ரூட்டரில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

அதன்பின் நடந்ததைப் பதிவில்தான் பார்த்தேன். வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, உயர்த்திய விரலோடு என் முகம் திரையில் உறைந்திருந்தது. நடுவர், “காத்திருக்கலாமா?” என்று கேட்டார். எதிரணி மாணவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, “விதிப்படி ஒரு நிமிடம்தான் ஐயா” என்றார். அந்த ஒரு நிமிடத்தையும் அவர் வீணாக்கவில்லை. “எதிரணித் தலைவருக்கு வாய்ப்பு என்பது என்னவென்று தெரியவில்லை. அதனால்தான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்” என்றார். நடுவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எங்கள் வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் எட்டாது. மாடிக்கு ஓடி, கடற்காற்றில் கைபேசியை உயர்த்திப் பிடித்து மீண்டும் நுழைந்தபோது, முடிவு சொல்லி முடித்து எல்லாரும் நன்றி கூறிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே முறையீடு எழுதினேன். மூன்று பக்கம். பதில் மூன்று வரியில் வந்தது. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இறுதிச் சுற்றை மீண்டும் நடத்துவதாகவும், இம்முறை இணைப்பு என் பொறுப்பு என்றும், மீண்டும் அறுந்தால் முதல் முடிவே நிலைக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியது கோப்பை அல்ல. அந்த வாக்கியத்தை, சிரித்த அவர் முகத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். அதற்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த விளக்கு பச்சையாக எரிய வேண்டும். அவ்வளவுதான் என் உலகம்.

திங்கள் காலை ஒன்பதரைக்குச் சிவப்பு எரிந்தது. செவ்வாய் காலையும் அப்படியே. ரூட்டரை அணைத்துப் போட்டேன். முள்முனையால் அழுத்தும் சின்னப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினேன். பின்புறம் நுழையும் மெல்லிய மஞ்சள் வயரைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். சிவப்பு அசையவில்லை. நண்பகலில் தானே பச்சையானது. செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு, நான் ஏழுமுறை அழைத்த பிறகு, எங்கள் பகுதிக்கு இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரரின் லைன்மேன் வந்தார். முதுகில் பை, கையில் சிக்னலின் வலுவை அளக்கும், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர். வயரை அதில் செருகிப் பார்த்தார்.

“மைனஸ் இருவத்திரண்டு. ஷோக்கா கீது. இன்னாத்துக்கு பாப்பா ஏழு தபா போன் அட்ச்சே?”

“காலைல இல்லண்ணா. தெனமும் காலைல பூடுது.”

“காலைல பூடுச்சின்னா காலைல கூப்புடு. இப்ப நல்லா கீறத நான் இன்னான்னு ரிப்பேரு பண்றது?”

“காலைலயும் கூப்புட்டேன். நீங்க எடுக்கல.”

“மெயின் ரோட்ல கன்டெய்னர் லாரி போவுது, ஒயர இஸ்துகினு பூடுது. நான் கம்பத்து மேல தொங்கிகினு கீறேன். எந்தக் கையால போன் எடுக்கறது, சொல்லு?”

அவர் சொன்னது பொய் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் சாலையில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு வயரை அறுத்துக்கொண்டுதான் போகும். ஆனால் லாரி அறுத்த வயர் நண்பகலில் தானே ஒட்டிக்கொள்ளாது. இதைச் சொன்னேன். அவர் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டே, “நீ வக்கீலுக்குப் படிக்கிறியா?” என்றார்.

நான் வக்கீலுக்குப் படிக்கவில்லை. ஆனால் வழக்கை அப்போதே தொடங்கிவிட்டேன். சொற்போரில் எங்களுக்கு முதலில் தருவது பக்கம். ஆதாரத்தை அதன் பிறகுதான் தேடுவோம். ஒன்பது ஆண்டுகளாக அப்படியே பழகிய மூளை, இங்கும் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டது. குற்றவாளி லைன்மேன். காலையில் என் இணைப்பைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுக்கிறார். நண்பகலில் திருப்பிச் செருகுகிறார். இதுவே என் பக்கம். குறிப்பு அட்டைகளின் பின்புறத்தில் ஆதாரம் சேர்த்தேன். இறுதிச் சுற்றுக்கென்று இந்த இணைப்பை வாங்கியதே சென்ற வாரத்துக்கு முந்தைய ஞாயிறுதான். சென்ற வாரம் திங்கள் முதல் சனி வரை மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை இணைப்பு இல்லை. அப்போது அதைக் கடற்காற்றின் கோளாறு என்று விட்டுவிட்டேன். இந்த வாரம் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு. சென்ற வாரம் மாலை, இந்த வாரம் காலை. எதிரி உத்தியை மாற்றிவிட்டான் என்று அட்டையில் எழுதி அடிக்கோடிட்டேன். இப்போது அந்த அட்டையைப் பார்க்கும்போது, அந்த அடிக்கோட்டின் அழுத்தம் எனக்கே அச்சம் தருகிறது.

புதனும் போயிற்று. வியாழன் காலை சிவப்பு எரிந்ததும், நேரே கேபிள்காரரின் கடைக்கு நடந்தேன். லைன்மேன் வாசலில் தேநீரோடு நின்றிருந்தார். எதிரில் பேருந்து நிறுத்தம், கூட்டம். எனக்கு அதுவே மேடை.

“அண்ணா, இப்போ லைன் இல்ல. இப்பவே வரீங்க. எவன் பண்ற வேலைன்னு தெரியணும். அது யாரா இருந்தாலும் சரி, இதே ரோட்ல நிக்க வெச்சு, சந்தி சிரிக்க வெப்பேன். மைக்கே வேணாம் எனக்கு.”

பேருந்துக்கு நின்ற நான்கைந்து பேர் திரும்பினார்கள். மீன்கூடை வைத்திருந்த ஓர் அம்மா, “இன்னாப்பா, அந்தப் பொண்ணாண்ட இன்னா வம்பு பண்ணே?” என்றார். லைன்மேன் தேநீரைப் பாதியில் வைத்தார்.

“தாயி, நான் ஒண்ணும் பண்ல. நெட்டு வரலையாம். வா பாப்பா, வா. எவன்னு பாத்துடலாம். ஊர கூட்டாத.”

வீட்டுக்கு வந்து மீட்டரைச் செருகியவரின் முகம் மாறியது. “மைனஸ் முப்பத்தொண்ணு. செத்துச்சு.” கடையிலிருந்து வந்த வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்தவர், பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென வெளியே நடந்தார். தொழில் தெரிந்தவரின் கோபம் அது. சந்தின் முனையில் கம்பத்துப் பெட்டியைத் திறந்து அங்கே ஒருமுறை பார்த்தார். “இங்க கரீட்டா கீது. உங்கூட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவுலதான் எவனோ கழுத்த நெரிக்கிறான்.” மாடிக்கு ஏறினோம்.

கம்பத்திலிருந்து வந்த கறுப்பு வயர் மாடியின் குறுக்கே ஓடி, கைப்பிடிச் சுவரின் மூலையில் மடிந்து கீழே இறங்குகிறது. அதன் நடுவில், தலைகீழாக, இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி, ஒரு நீல நிற வேலைச் சட்டை. காலும் கையும் ஒரே துணியாகத் தைத்த முரட்டு உடுப்பு. மூன்று தண்ணீரில் அலசியும் அதன் நுனியிலிருந்து கறுப்பு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாரத்தில் வயர் வில்லைப் போல இறங்கி, சுவர் மூலையில் ஊசிமுனையாக மடிந்து கிடந்தது.

லைன்மேன் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். கீழே அறையிலிருந்து அம்மா கத்தினார்: “பச்ச எரியுது!” கைவிட்டார். “சேப்பு!” மறுபடி தூக்கினார். “பச்ச!”

“உள்ள கீறது கண்ணாடி நூலு பாப்பா. மடக்குனா வெளிச்சம் போவாது. துணி ஈரமா கீற வரைக்கும் நெட்டு கெடையாது. காஞ்சி லேசாச்சின்னா தானா வந்துடும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு மெல்ல முகத்தில் ஏறியது. “சரி. யார் துணி இது? சொல்லு. இஸ்துகினு போயி ரோட்ல நிக்க வெச்சிடலாம். சந்தி சிரிக்கணும்ல?”

சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்தேன்; கறுப்பு நீர் என் விரலில் ஒட்டியது.

அது என் தந்தையின் சட்டை. எண்ணூர்ப் பக்கம், கப்பலிலிருந்து நிலக்கரி இறங்கும் இடத்தில் கன்வேயர் பெல்ட்டைக் கவனிப்பது அவர் வேலை. சென்ற வாரம் முதல் ஷிப்ட். பிற்பகலில் திரும்பி, துவைத்து, மாலையில் காயப்போட்டார். இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், காலையில் துவைக்கிறார். நான் குறிப்பு அட்டையில் எழுதி அடிக்கோடிட்ட எதிரியின் உத்தி, சமையலறைச் சுவரில் தொங்கும் ஷிப்ட் அட்டவணையில் அப்படியே எழுதியிருந்தது. அதைத் தினமும் மூன்று வேளை பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

அதற்குள் அவரே கீழிருந்து ஏறி வந்தார், கையில் இன்னும் ஒரு துணியோடு.

“நைனா, இது கொடி இல்ல. நெட்டு ஒயரு” என்றார் லைன்மேன்.

“நெட்டா? இது பழைய கேபிள் டிவி ஒயராச்சே! அதான் எப்பவோ கட் பண்ணிட்டாங்கோ. சும்மா தொங்கினு கீதேன்னு போட்டேன்.”

“பழைய ஒயருதான். அது மேலதான் புது ஒயர வெச்சுக் கட்டிக் கீது.”

“யாரு கட்டுனது?” என்று கேட்டேன்.

லைன்மேன் கம்பத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். “அப்போ ஆணி இல்ல பாப்பா. சீக்கிரம் குடுன்னு நீதான் குதிச்சே. பழைய ஒயரு ஸ்ட்ராங்கா இருந்துச்சி, அது மேலயே டேக் போட்டு கட்டிட்டேன்.” எங்கள் பகுதியில் செத்துப்போன கேபிள் டிவி வயரை யாரும் கழற்றுவதில்லை, அதில் துணி காயப்போடாத வீடும் இல்லை. அதன் மேலேயே கண்ணாடி நூலைக் கட்டிவிட்டுப் போன மனிதரை அந்தக் கணம் நான் விட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த கேள்வியைத் தந்தையிடம் கேட்டு நானே மாட்டிக்கொண்டேன்.

“கொடி மூணு கீதே நைனா. அதுல போடாம ஏன் இதுல போட்ட?”

அவர் சட்டையை வயரிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தோளில் கறுப்பு நீர் வழிந்தது.

“நீதான அன்னிக்கு வேணாம்ன?”

அன்று என்பது ஜனவரியில் ஒரு நாள். மேடைக்கென்றே வைத்திருந்த என் வெள்ளைப் பருத்திப் புடவை கொடியில் காய்ந்தது. அதற்கு மேற்கொடியில் இந்தச் சட்டை. போட்டிக்குப் புறப்பட எடுத்தால், முந்தானை முழுக்கக் கரிக்கோடுகள். அதே மாடியில் நின்று, அக்கம்பக்கத்து மாடிகள் கேட்க, என் தந்தையைப் பத்து நிமிடம் வாதாடிக் கிழித்தேன். முன்னுரை இருந்தது, மூன்று கருத்துகள் இருந்தன, முடிவுரையும் இருந்தது. அவர் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. அம்மாவின் கொடிகளை விட்டுத் தன் துணியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான். நான் பேசி முடித்ததற்கு அவர் தந்த பதில் ஐந்து மாதமாக என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

“சரி, உடு” என்றார் லைன்மேன், யாரிடம் என்று தெரியாதபடி. “சந்தி இன்னொரு நாளு சிரிக்கட்டும்.”

அவரைச் சும்மா அனுப்பவில்லை. பழைய வயரிலிருந்து புது வயரைப் பிரிக்கவைத்தேன். சுவர் மூலையில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வளைவாக வைத்து, அதனுள்ளே வயரை இறக்கவைத்தேன். மீட்டர் மைனஸ் இருபத்தொன்று காட்டும் வரை அவரை நான் கீழே இறங்க விடவில்லை. வெள்ளி, சனி இரு நாள்களும் விளக்கு பச்சையாகவே நின்றது. என் கோபம் முழுவதும் இப்போது இருக்க வேண்டிய ஒரே இடத்துக்குத் திரும்பியது: கோட், அலமாரி, சிரிப்பு.

ஞாயிறு. அதே வேட்டி, அதே சுவர். தந்தைக்கு வார விடுமுறை. ரூட்டரின் அருகில் முக்காலி போட்டு, விளக்கை மட்டுமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் சுற்று முடிந்தது. தொகுப்புரை இம்முறை முதலில் எதிரணி மாணவருக்கு. அவருடைய அலமாரி சென்ற முறையைவிடப் பெரிதாக, நெருக்கமாகத் தெரிந்தது. இரண்டு நிமிடம் அழகாகவே பேசினார். “ஆக, உழைப்பு என்பது” என்றார்.

நின்றுவிட்டார். வாய் திறந்தபடி, கண்கள் மேலே செருகியபடி, கோட்டுக் கை காற்றில்.

அவர் எனக்குச் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் மாற்றி அவருக்கே திருப்பித் தரலாம். எதிரணித் தலைவருக்கு உழைப்பு என்பது என்னவென்று தெரியவில்லை. சொல் நாக்கின் நுனியில் நின்றது. அவர் கைபேசி வழியாக, முகம் இல்லாமல் குரலாக நுழைந்தார். “ஐயா, நெட் போயிடுச்சு. மன்னிக்கணும். ஒரு நிமிஷம்.”

நடுவர் என்னிடம் கேட்டார்: “விதிப்படி ஒரு நிமிடம். நீங்கள் விரும்பினால் அதற்கு மேலும் காத்திருக்கலாம். உங்கள் முடிவு.”

முக்காலியிலிருந்து தந்தை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “காத்திருப்போம் ஐயா. அவர் வர வேண்டும்.” பிறகு எதிரணி மாணவரிடம் பேசினேன். “ரூட்டரில் சிவப்பு எரிகிறதா?”

“ஆமாங்க.”

“அணைத்துப் போடாதீர்கள், பயனில்லை. பின்புறம் மெல்லிய மஞ்சள் வயர் ஒன்று இருக்கும். அதை எங்காவது ஏதாவது அழுத்துகிறதா பாருங்கள்.”

மரம் தரையில் உரசும் ஓசை கேட்டது. மூச்சு வாங்கும் ஓசை. “அலமாரிங்க. பின்னாடி நல்லாத் தெரியணும்னு காலைல தள்ளி வச்சேன். வயர் சுவத்தோட நசுங்கியிருக்கு.”

“அலமாரியை முன்னால் இழுங்கள். வயரை மடக்காமல், வளையமாக விடுங்கள்.”

அரை நிமிடம். “பச்சை வந்துடுச்சு!”

அவர் திரைக்குத் திரும்பினார். கோட்டின் தோளில் தூசி. விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தார். ஆனால் குரலில் பழைய மெருகு இல்லை. பிறகு என் முறை. நேரே கேமராவைப் பார்த்து, எட்டு நாள் சுமந்ததை முழுமையாகச் சொன்னேன்.

“வாய்ப்பு என்பது, உழைத்தவர் வந்து சேர்ந்த இடத்துக்கு, உழைக்காதவர் சூட்டிய பெயர்.”

எட்டு நாளில் நான் நினைத்திருந்த அளவுக்கு அது பெரிய வாக்கியமாகக் கேட்கவில்லை. ஆயினும் அவர் அதைக் கேட்டார். தலை கவிழ்ந்து எதையோ எழுதுவது போல நடித்தார். அந்தக் கவிழ்ந்த தலைக்காகத்தான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். மூன்று நடுவர்களில் இருவர் என் பக்கம். முடிந்ததும் அவர், “அந்த வயர் விஷயத்துக்கு நன்றிங்க” என்றார். “நன்றி வேண்டாம். முழுவதும் கேட்டீர்கள் அல்லவா, அது போதும்” என்றேன். மன்னித்துவிட்டேன் என்று எவரும் எண்ண வேண்டாம். சென்ற முறையின் பதிவை அழித்துவிட்டேன். இந்த முறையின் பதிவை வைத்திருக்கிறேன். எப்போதாவது எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

தந்தைக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மாடியில் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

“அவன் உழுந்தப்பவே நீ கெலிச்சிட்டல்ல. தூக்கி உட்டுட்டு அப்பறம் இன்னாத்துக்கு அட்ச்சே?”

“அப்டியே உட்டிருந்தா, நெட்டாலதான் தோத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிவான் நைனா. அந்தச் சாக்கு அவனுக்குக் கெடைக்கக் கூடாது.”

“உன்னாண்ட பேஜாரு வெச்சுக்கவே கூடாதுமே” என்றார். பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினார். “சரி, இத்த எங்க போடறது இப்போ?”

நடுக்கொடியில் என் வெள்ளைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இடம் காட்டினேன். அவர் உடனே போடவில்லை. சந்தேகமாகச் சொன்னார்: “கறை பட்டுச்சின்னா, அப்பறம் மைக்கு புடிக்கக் கூடாது.”

“புடிக்கமாட்டேன்” என்றேன். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றிவருகிறேன், அவர் ஒருவரிடம் மட்டும்.